திரவ நைதரசன்: குடுவையின் வாயை அடைக்காதீர்கள்

ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகள் ஆய்வுகூடத்துக்கு வருகிறார்கள். நாங்கள் பழகின காலத்துப் பிழைகளெல்லாம் அவர்களோடு திரும்பி வந்துவிடுகின்றன. கண்ணாடி போடாமல் ஊற்றுவது, செருப்போடு நிற்பது போன்றவற்றை முதல் நாளிலேயே சொல்லித் திருத்திவிடலாம். சொல்லியும் திருந்தாதவை வேறு.

வாயை இறுக்கி மூடுவது

யாழ்ப்பாணத்தில் இருக்கிற எங்களுக்கு நைதரசன் கொழும்பிலிருந்து ஏ9 வீதியால் வருகிறது. வழியிலேயே கொஞ்சம் ஆவியாகிவிடும். மிச்சத்தையாவது காப்பாற்றுவோம் என்று எல்லோருக்கும் தோன்றும். "அண்ணை, புகையாப் போகுது, துணி வைச்சு இறுக்கிக் கட்டட்டோ?" என்று ஒரு தம்பி கேட்டான். அவன் கவலை நியாயமானதுதான். ஆனால் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் பொறுமை இல்லை.

திரவ நைதரசனின் கொதிநிலை −196 பாகை செல்சியஸ். அதை வைக்கிற குடுவைக்கு இரட்டைச் சுவர், நடுவில் வெற்றிடம். எவ்வளவு நல்ல குடுவையென்றாலும் வெளிச்சூடு மெல்ல உள்ளே போகும், திரவம் கொதித்துக்கொண்டே இருக்கும். ஒரு லீற்றர் திரவம் அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 700 லீற்றர் வாயுவாகிறது. அது வெளியேற வழியில்லையென்றால் அமுக்கம் ஏறி, கடைசியில் குடுவைதான் உடைய வேண்டும். மூடி தளர்வாக இருப்பதைப் பார்த்து, பழுதாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அந்த இடைவெளி வாயு போவதற்கென்றே விட்டது.

2006 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழக இரசாயனவியல் கட்டடத்தில் ஒரு திரவ நைதரசன் உருளை வெடித்தது. அமுக்கத்தை வெளிவிடும் பாதுகாப்பு அமைப்புகளை யாரோ முன்பு எப்போதோ கழற்றிவிட்டு, உலோகத்தால் அடைத்திருந்தார்கள். உருளை மேல்தளத்தைப் பிய்த்துக்கொண்டு மேலே போனது. விடியப்புறம் என்பதால் அங்கே ஆட்கள் இருக்கவில்லை.

சரி, மூடாமலே விட்டால்? அதுவும் பிழை. யாழ்ப்பாணத்துக் காற்றில் ஈரம் அதிகம், மாரியில் சொல்லவே வேண்டாம். திறந்து கிடக்கிற குடுவையின் கழுத்துக்குள் அந்த ஈரம் உறைந்து படியும். விடுமுறை முடிந்து வந்த ஒரு நாள் பார்க்கிறேன், கழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஐஸ் கட்டி, நடுவில் ஒரு விரல் போகிற அளவுக்குத்தான் ஓட்டை மிச்சம். ஒரு தங்கச்சி இரும்புக் கம்பியை எடுத்து அதைத் தட்டப் போனா. சத்தம் போட்டு நிறுத்தினேன். உட்பாத்திரம் அந்த மெல்லிய கழுத்தில்தான் தொங்குகிறது. அதில் கீறல் விழுந்தால் சுவர்களுக்கிடையிலான வெற்றிடம் போய்விடும், உள்ளே இருப்பது முழுவதும் ஒரேயடியாகக் கொதித்துப் பொங்கும்.

ஐஸ் படியத் தொடங்கும்போதே பழக்கமுள்ள ஒருவரிடம் காட்டுங்கள். திரவத்தை வேறு குடுவைக்கு மாற்றி, இதைச் சூடாக விட்டு, நன்றாக உலர்த்திய பிறகே திரும்ப நிரப்பலாம். ஓட்டை முழுவதும் அடைபட்டுவிட்டால் ஒன்றையும் தொடாமல் அறையைக் காலிசெய்யுங்கள். நைதரசனுக்குக் கொடுத்த காசு போனால் போகட்டும்.

சுடுதண்ணிப் போத்தல்

இதிலோ, திருகு மூடி உள்ள வேறு எதிலுமோ நைதரசனை ஊற்றக் கூடாது.

ஏசி அறை

வெயிலுக்குப் பயந்து கதவு, யன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஊற்றுகிறார்கள். ஆவியாகிற நைதரசன் மூடிய அறையில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மணமில்லை. மூச்சு முட்டுகிற உணர்வும் வராது, ஏனென்றால் அந்த உணர்வைத் தருவது உடலில் சேர்கிற காபனீரொட்சைட்டு. ஒட்சிசன் குறைவது தெரியாமலே ஆள் மயங்கி விழுவார். வளியில் ஏறக்குறைய 21 வீதம் இருக்கும் ஒட்சிசன் 19.5 வீதத்துக்குக் கீழே போனால் வெளியே வந்துவிட வேண்டும். கறண்ட் போனால் காற்றை வெளியேற்றும் விசிறியும் நின்றுவிடும் என்பதை மறக்க வேண்டாம். உள்ளே ஒருவர் விழுந்துகிடந்தால் தூக்குவதற்கு ஓடாதீர்கள். அப்படி ஓடிப்போகிறவரும் பக்கத்திலேயே விழுவார்.

லிப்ட்

லிப்ட்டும் ஒரு மூடிய அறைதான். குடுவை மட்டும் போகட்டும். நீங்கள் படியால் ஏறுங்கள்.

கையுறை

திரவம் உள்ளே போய்விட்டால், உதறினதும் கழன்று விழுகிற அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும்.

வெற்றிடப் பம்பியும் குளிர்ப்பொறியும்

குளிர்ப்பொறி என்பது பம்பிக்குள் கரைப்பான் ஆவி போகாமல் உறையவைத்துப் பிடிக்கிற பாத்திரம், அதைத் திரவ நைதரசன் உள்ள குடுவைக்குள் அமிழ்த்தி வைப்போம். ஒட்சிசனின் கொதிநிலை −183 பாகை. நைதரசன் அதைவிடக் குளிரானது. ஆகவே குளிர்ப்பொறியை நைதரசனில் வைத்துவிட்டுப் பம்பியை நிறுத்தினாலோ, எங்காவது ஒரு மூட்டு கசிந்தாலோ, உள்ளே வருகிற வளியிலுள்ள ஒட்சிசன் திரவமாகிச் சேரும். ஏற்கெனவே அதற்குள் அசற்றோன் போன்ற கரைப்பான் இருந்தால் அந்தக் கலவை வெடிக்கக்கூடியது. முதலில் பம்பியைப் போட்டு வளியை இழுத்தெடுங்கள், அப்புறம் நைதரசன் குடுவையைப் பொறிக்குக் கீழிருந்து உயர்த்துங்கள். முடிக்கும்போது பம்பி ஓடிக்கொண்டிருக்கையிலேயே நைதரசனை இறக்குங்கள், வளியை அதற்குப் பிறகுதான் விடலாம். பொறிக்குள் இளநீலமாக ஏதாவது தெரிந்தால் அது திரவ ஒட்சிசனாக இருக்கலாம், கை வைக்காமல் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, பொறுப்பானவரைக் கூப்பிடுங்கள்.