கல்லடியில் புதிய கோய் குளத்து நீரைச் சீராக்கிய என் அனுபவம்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு வளவில் கட்டிய கோய் (வண்ண அலங்காரக் கெண்டை மீன்) குளத்தின் நீர் தெளிவாக இருந்தும் மீன்கள் உணவை விட்டு ஒதுங்கி நின்றதால், துளிச் சோதனைப் பெட்டியால் நீரை அளந்தேன். மீன் கழிவிலிருந்து சேரும் அமோனியா லீற்றருக்கு 1 மில்லிகிராம்; நீரின் அமில, கார நிலையைக் காட்டும் பீ.எச். 8.4. பீ.எச்.சும் வெப்பமும் உயர உயர அமோனியாவின் நச்சுத்தன்மை பெருகும் என்பதால், எமது கரையோர வெக்கையில் இந்த அளவு மிகவும் ஆபத்தானது.

தீனியை உடனே நிறுத்தி, நீரில் கால்பங்கை நாள்தோறும் மாற்றினேன். குழாய்நீரிலுள்ள குளோரீனை சோடியம் தயோசல்பேற்று இட்டு நீக்கிய பின்னரே சேர்த்தேன். சூடான நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும் என்பதால் காற்றுப் பம்பி இரவிலும் ஓடியது. நண்பரின் பழைய குளத்து வடிகட்டிப் பஞ்சில் ஒரு பகுதியை எனது வடிகட்டியில் வைத்ததுதான் பெரிதும் கைகொடுத்தது. அதில் வாழும் பற்றீரியாக்களே அமோனியாவை நைத்திரைற்றாகவும், பின்பு தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன.

இடையில் நைத்திரைற்று ஏறியபோது, 1,000 லீற்றருக்கு 1 கிலோ வீதம் அயடீன் சேராத உப்பைக் கரைத்தேன். அதிலுள்ள குளோரைட்டு, நைத்திரைற்று செவுள்வழியே இரத்தத்தில் புகுவதைப் பெருமளவு தடுக்கிறது. அமோனியா, நைத்திரைற்று இரண்டும் பூச்சியமாகிய பிறகே தீனியைச் சிறிது சிறிதாகத் தொடங்கினேன். பீ.எச். தடுமாறாமல் காக்கும் காரத்தன்மையை மாரிமழை நீர்த்துப்போகச் செய்யும் என்பதால், பெருமழைக்குப் பின் பீ.எச்.சை இப்போதும் தவறாமல் அளக்கிறேன்.