அலமாரி எங்கிருந்து வந்தது? சொல்மூலம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொல்மூலம் தேடுகிறவர்கள் செய்யும் முதல் தவறு, எதையும் உடைத்துப் பார்ப்பது. நாற்காலிக்கு அது பொருந்தும்: நான்கு கால் இருந்தால் நாற்காலி, மூன்று என்றால் முக்காலி. அதே ஆசையில் அலமாரியை 'அலம்', 'மாரி' என்று பிரித்தால் கற்பனைக் கதைதான் கிடைக்கும். மாரி என்றால் மழை. துணிமணி அடுக்கும் இடத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அடுத்த தவறு ஆங்கிலத்தை மூலமாக நினைப்பது. ஆங்கிலத்திலும் 'அல்மைரா' இருக்கிறதே என்பார்கள். நடந்தது தலைகீழ்: இந்திய மொழிகளில் புழங்கியதை ஆங்கிலேயர்தான் எடுத்துக்கொண்டார்கள். இங்கே அதைக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர். 1498-இல் கோழிக்கோட்டுக் கரைக்கு வந்தவர்கள். அவர்கள் மொழியில் 'அர்மாரியோ', பழைய வடிவம் 'அல்மாரியோ'. ஒரே சொல்லில் இரண்டு ரகரம் வந்ததால் ஒன்று லகரமாகிவிட்டது. மூலம் லத்தீன் 'அர்மாரியம்'; 'அர்மா' என்றால் ஆயுதம், கருவி. அவற்றை வைக்கும் பெட்டகம்தான் இன்று நம் புடவைகளை வைத்திருக்கிறது. அலமாரியைத் திறக்கும் சாவிகூட போர்ச்சுகீசியம்தான்.

'அல்' என்று தொடங்குவதால் அரபிச் சொல் என்று சிலர் வாதிடுவதுண்டு. போர்ச்சுகீசிய மொழியில் அப்படி அரபியிலிருந்து வந்த சொற்கள் நிறைய உண்டு, உண்மைதான். ஆனால் லத்தீன் வேர் தெளிவாக இருக்கும்போது அந்த வாதம் நிற்காது. இலங்கையில் 'அலுமாரி' என்கிறார்கள். அதைப் பிழை என்று திருத்தப் போக வேண்டாம். கடன் வாங்கிய சொல் ஊருக்கு ஊர் இப்படி மாறுவது இயல்பு.

அப்புறம், பீரோவும் அலமாரியும் ஒரே மூலம் என்று நினைத்துவிடக் கூடாது. பீரோ பிரெஞ்சுச் சொல். மேசைமேல் விரித்த முரட்டுக் கம்பளித் துணியின் பெயர் அந்த மேசைக்கு ஆகி, மேசை இருந்த அலுவலகத்துக்கும் ஆனது. சி.பி.ஐ.யின் நடுவில் இருக்கும் 'பி'யும் நம் வீட்டு பீரோவும் ஒரே சொல்!

இவ்வளவையும் கேட்டுவிட்டு, வீட்டுச் சாமான் பெயரெல்லாம் கடன்தான் என்று முடிவு கட்டுவது இன்னும் பெரிய தவறு. கட்டில் நம்முடையது. புறநானூற்றின் 286-ஆம் பாட்டில் ஔவையார் பாடையைக் 'கால்கழி கட்டில்' என்கிறார், கால் இல்லாத கட்டில் என்று. போர்ச்சுகீசியர் படுக்கையைக் குறிக்கச் சொல்லும் 'காத்ரெ' இந்தக் கட்டிலிலிருந்து போனதுதான்.