தத்தெடுத்த குழந்தையோடு அமெரிக்கா வந்தவர்களுக்கு: பாஸ்போர்ட், குடியுரிமை, ஓசிஐ

இந்தியாவிலிருந்து குழந்தையைத் தத்தெடுத்து வருபவர்கள் முதலில் கேட்பது இதுதான்: இந்திய பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொண்டு அமெரிக்க பாஸ்போர்ட்டும் எடுக்கலாமா? முடியாது. அமெரிக்கா இரண்டு குடியுரிமையைத் தடுக்கவில்லை, இந்தியா ஏற்பதில்லை. 1955 குடியுரிமைச் சட்டம் 9ஆம் பிரிவுப்படி வேறு நாட்டுக் குடியுரிமை பெறுபவர் இந்தியக் குடியுரிமையை இழக்கிறார். வெளிநாட்டு பாஸ்போர்ட் எடுத்ததே அதற்குப் போதுமான சான்று என்று குடியுரிமை விதிகள் சொல்கின்றன. இந்தியாவோடு குழந்தைக்கு இருக்கும் தொடர்பைக் காகிதத்தில் காப்பாற்றித் தருவது ஓசிஐ (ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா) அட்டை மட்டுமே; பெயரில் ‘சிட்டிசன்’ இருந்தாலும் அது முழுக் குடியுரிமை இல்லை. அதை வாங்க மற்ற காகிதங்கள் எல்லாம் சரியான வரிசையில் வந்திருக்க வேண்டும். பெரும்பாலான சிக்கல் அந்த வரிசை தவறுவதால்தான் வருகிறது.

விசாவில் என்ன எழுதியிருக்கிறது?

குழந்தையின் இந்திய பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவைப் பாருங்கள். நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியாவும் அமெரிக்காவும் இருப்பதால் அது ஐஎச்-3 ஆகவோ ஐஎச்-4 ஆகவோ இருக்கும்.

ஐஎச்-3 என்றால் தத்தெடுப்பு இந்தியாவிலேயே முழுமையாக முடிந்துவிட்டது. 18 வயதுக்குட்பட்ட குழந்தை, அமெரிக்கக் குடிமகனான பெற்றோரோடு வாழ அமெரிக்காவுக்குள் நுழைந்ததுமே அமெரிக்கக் குடிமகனாகிவிடுகிறது. 2001 பிப்ரவரி 27 முதல் நடைமுறையில் இருக்கும் குழந்தைக் குடியுரிமைச் சட்டம் தரும் உரிமை இது. பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும். விண்ணப்பிக்காமலே குடியுரிமைச் சான்றிதழ் தபாலில் வந்துவிடும்.

ஐஎச்-4 அப்படி இல்லை. இந்தியாவில் பாதுகாவலர் உரிமை மட்டும் பெற்று அழைத்து வந்தவர்களுக்கு இது வரும். குழந்தைக்குக் கிடைப்பது கிரீன் கார்டுதான். மாநில நீதிமன்றத்தில் தத்தெடுப்பை முடித்தால்தான் குடியுரிமை வரும், அதுவும் 18 வயதுக்குள். அதன்பின் என்-600 படிவம் போட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும். கிரீன் கார்டு கையில் இருக்கிறதே என்று நீதிமன்ற வேலையைத் தள்ளிப்போடுகிற வீடுகள் உண்டு. பிள்ளை கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். அப்போது வயது தாண்டியிருந்தால் இந்த எளிய வழி அடைபட்டிருக்கும்.

விமான நிலையத்தில் அதிகாரி முத்திரை குத்தித் திருப்பித் தரும்போது, நுழைவு வகை விசாவில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று அங்கேயே பாருங்கள். விசாப் பக்கத்தையும் முத்திரைப் பக்கத்தையும் அன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள். சான்றிதழ் நீங்கள் கொடுத்த முகவரிக்கே வரும். இடையில் வீடு மாறினால் 10 நாட்களுக்குள் ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவம் மூலம் முகவரியை மாற்றுங்கள். தொலைந்த சான்றிதழுக்கு மாற்று வாங்க என்-565 என்ற தனிப் படிவம் இருக்கிறது. செலவும் அதிகம், காத்திருப்பும் அதிகம்.

பெயர்: நம் ஆட்களுக்கு மட்டும் வரும் தலைவலி

இனிஷியல் பழக்கத்தில், குழந்தையின் இந்திய பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்ப் பகுதியைக் காலியாக விட்டுவிடுவார்கள். அப்படி விட்டால் அமெரிக்க விசாவில் குழந்தையின் பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’ என்று, அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று, அச்சாகும். பிறகு அதுவே சான்றிதழ், சோஷியல் செக்யூரிட்டி, பள்ளிப் பதிவு என்று தொடரும். இந்தியாவில் பாஸ்போர்ட் எடுக்கும்போதே இரண்டு பகுதியையும் நிரப்புவதுதான் வழி. தத்தெடுப்பு ஆணை, புதிய பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். தமிழ்ப் பெயரில் ‘th’ வருமா ‘dh’ வருமா என்ற குழப்பத்தை ஆணை வாங்கும்போதே தீர்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே தவறாகிவிட்டால் மாநில நீதிமன்றத்தில் மறு தத்தெடுப்புச் செய்யும்போதே பெயரையும் திருத்தலாம். பல மாநிலங்கள் அதன் பிறகு தங்கள் பிறப்புப் பதிவு ஆவணம் ஒன்றையும் தருகின்றன. பள்ளிக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் அது மிகவும் உதவும். செலவானாலும் செய்துவைப்பது நல்லது என்பது எங்கள் கருத்து.

அமெரிக்க பாஸ்போர்ட்டும் சோஷியல் செக்யூரிட்டியும்

16 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டிஎஸ்-11 படிவம். குழந்தையும் பெற்றோர் இருவரும் நேரில் போக வேண்டும். ஒருவர் வர முடியாவிட்டால் நோட்டரி முன் கையெழுத்திட்ட டிஎஸ்-3053 என்ற சம்மதப் படிவம் வேண்டும். பாஸ்போர்ட் 5 ஆண்டுகள் செல்லும். குடியுரிமைச் சான்றிதழின் அசலையே அனுப்ப வேண்டியிருக்கும். பாஸ்போர்ட் ஒரு உறையிலும் சான்றிதழ் வேறு உறையிலும் வெவ்வேறு நாளில் திரும்பி வரும், பதற வேண்டாம்.

2022 செப்டம்பர் முதல் இந்தியாவில் தத்தெடுப்பு ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். இங்கே விண்ணப்பம் வாங்கும் தபால் நிலைய ஊழியர் நீதிமன்ற முத்திரையைத் தேடக்கூடும். காரா (இந்தியாவின் மத்திய தத்தெடுப்பு ஆணையம்) கொடுத்த 23ஆம் உறுப்புச் சான்றிதழை ஆணையோடு சேர்த்துக் காட்டுங்கள். ஹேக் ஒப்பந்தப்படி தத்தெடுப்பு முறையாக முடிந்தது என்று சொல்லும் காகிதம் அதுதான்.

சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்கு விசா முத்திரையோடு முன்பே போனவர்கள் பாஸ்போர்ட் வந்தபின் இன்னொரு முறை போக வேண்டும். முதல்முறை பதியும்போது குழந்தையை வெளிநாட்டவர் என்றே குறித்திருப்பார்கள். குடியுரிமைத் துறை அதைத் தானாக மாற்றித் தராது. வேலைக்குச் சேரும் வயதில் இது இடறும்.

இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்தல்

அமெரிக்க பாஸ்போர்ட் வந்தபின், இந்திய பாஸ்போர்ட்டில் இன்னும் ஆண்டுகள் மீதமிருந்தாலும் அதில் பயணம் செய்யக் கூடாது. கான்சுலேட்டின் சார்பில் விண்ணப்பம் வாங்கும் விஎஃப்எஸ் வழியாக ஒப்படைக்க வேண்டும். அவர்கள் ரத்து முத்திரை குத்தித் திருப்பித் தருவார்கள். கூடவே ஒப்படைப்புச் சான்றிதழ் வரும். காலாவதியான பாஸ்போர்ட்டுக்கும் இதே நடைமுறைதான். தாமதித்தால் அபராதம் உண்டு. ரத்தான புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்: ஐஎச்-3 விசா அதில்தான் இருக்கிறது.

பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று திடீரென்று ஊருக்குக் கிளம்ப வேண்டிவரும்போதுதான் பலர் இதில் மாட்டுவார்கள். குழந்தைக்கு அமெரிக்க பாஸ்போர்ட் இருக்கும். இந்திய விசா விண்ணப்பம் முன்பு இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தீர்களா என்று கேட்கும். ஒப்படைப்புச் சான்றிதழ் இருக்காது. அதனால் பாஸ்போர்ட் வந்த வாரமே இந்த வேலையைத் தொடங்குங்கள்.

ஓசிஐ

1950 ஜனவரி 26க்குப் பின் எப்போதாவது இந்தியக் குடிமகனாக இருந்தவர் ஓசிஐ பெறத் தகுதியுள்ளவர். குழந்தையே இந்தியக் குடிமகனாக இருந்ததால் பெற்றோரின் பூர்வீகம் இங்கே பொருட்டில்லை. துணைவர் வெள்ளைக்காரர் என்றாலும் குழந்தைக்குத் தகுதி உண்டு. ரத்தான இந்திய பாஸ்போர்ட், ஒப்படைப்புச் சான்றிதழ், அமெரிக்க பாஸ்போர்ட், உங்கள் பெயருள்ள பிறப்புச் சான்றிதழ், தத்தெடுப்பு ஆணை, பெற்றோர் இருவரின் சம்மதக் கையெழுத்து ஆகியவை வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாத குழந்தைக்குக் கைநாட்டு. விண்ணப்பங்கள் திரும்பி வர முக்கியக் காரணம் படம்தான்: 2 அங்குலச் சதுரம், பின்னணி வெளிர் நிறம். அமெரிக்க பாஸ்போர்ட்டுக்காக எடுத்த வெள்ளைப் பின்னணிப் படத்தையே மறுபடி ஏற்றாதீர்கள்.

2021இல் விதி எளிதானது. 20 வயது வரை ஒவ்வொரு புது பாஸ்போர்ட் எடுத்ததும் 3 மாதங்களுக்குள் அதன் நகலையும் புதுப் படத்தையும் இணையத்தில் ஏற்றினால் போதும், கட்டணம் இல்லை. 20 வயது முடிந்தபின் எடுக்கும் முதல் பாஸ்போர்ட்டுக்கு மட்டும் அட்டையை மாற்ற வேண்டும்.

ஓசிஐ இருந்தால் வாக்குரிமை வராது, விவசாய நிலம் வாங்க முடியாது. சில ஆண்டில் தமிழ்நாட்டுக்கே திரும்பலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கணக்கில் எடுங்கள்: நீட், ஜேஇஇ எழுதலாம், ஆனால் என்ஆர்ஐ இடங்களுக்கோ கூடுதலாக ஒதுக்கும் (சூப்பர்நியூமரரி) இடங்களுக்கோ மட்டுமே போட்டியிட முடியும்.

பெற்றோர் இருவரும் இந்தியக் குடிமக்கள் என்றால்

எச்-1பி வேலை விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கும் குடும்பத்துக்கு மேலே சொன்ன ஹேக் வழி பொருந்தாது. அந்த வழிக்கான மனுவை அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே போட முடியும். குழந்தையைச் சார்ந்தவராகக் காட்ட, 16 வயதுக்குள் தத்தெடுத்திருக்க வேண்டும், 2 ஆண்டு சட்டபூர்வப் பொறுப்பும் 2 ஆண்டு ஒன்றாக வாழ்ந்த காலமும் நிரூபிக்க வேண்டும். தத்து ஆணை கையில் இருக்கிறது என்பதற்காக எச்-4 (எச்-1பி வைத்திருப்பவரைச் சார்ந்தவருக்கான விசா) உடனே கிடைத்துவிடாது. வாடகை ஒப்பந்தம், தடுப்பூசி அட்டை, பள்ளி ரசீது என எல்லாவற்றையும் தேதியோடு சேர்த்து வையுங்கள்.

இந்தக் குழந்தை இந்தியக் குடிமகனாகவே இருக்கும். 5 ஆண்டுக்கு ஒருமுறை இந்திய பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டே வாருங்கள். பின்னாளில் பெற்றோரில் ஒருவர் அமெரிக்கக் குடிமகனாகும் நாளில், கிரீன் கார்டோடு உங்களுடன் வாழும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளையும் அமெரிக்கக் குடிமகனாகிவிடும். அதன்பின் பாஸ்போர்ட்டும் என்-600உம் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டியவை.

இலங்கையிலிருந்து தத்தெடுத்தவர்களுக்கு நிலைமை வேறு. இலங்கை இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. ஆனால் தானாக வராது, விண்ணப்பித்துப் பெற வேண்டும்.

கோப்பு

இந்தியாவிலிருந்து வந்த குழந்தைக்கு முதல் ஆண்டு 3 மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் ஆண்டு 6 மாதத்துக்கு ஒன்று என 6 பின்தொடர் அறிக்கைகள் காராவுக்குப் போக வேண்டும். அவற்றை உங்கள் தத்தெடுப்பு ஏஜென்சி அனுப்பும். குடியுரிமைச் சான்றிதழின் நகலை அவர்களிடம் கொடுப்பது உங்கள் பொறுப்பு. தத்தெடுப்பு ஆணை, காராவின் தடையில்லாச் சான்று, 23ஆம் உறுப்புச் சான்றிதழ், குழந்தை ஆய்வு அறிக்கை, மருத்துவ அறிக்கை, ரத்தான பாஸ்போர்ட் ஆகியவற்றின் அசல்களை வங்கி லாக்கரில் வையுங்கள். லேமினேட் செய்யாதீர்கள். 18 வயதுக்குப் பின் பிள்ளை தன் வேர்களைத் தேடி காராவுக்குத் தானே விண்ணப்பிக்கலாம். அப்போது அவர்கள் கேட்பது இந்தக் காகிதங்களைத்தான்.