பைக் வாங்கும் முன் சிஓஇ கணக்கு

சிங்கப்பூரில் வேலைக்குப் போக பழைய பைக் பார்க்கிறீர்களா? விலையை விட, வாகன உரிமைச் சான்றிதழில் (சிஓஇ) எத்தனை ஆண்டு மிச்சம் என்பதை முதலில் கேளுங்கள். வண்டியை வைத்து ஓட்ட உரிமை தரும் இந்த சிஓஇ 10 ஆண்டுக்குத்தான். 3 ஆண்டு மிச்சமுள்ள பைக் 6,000 வெள்ளி, 6 ஆண்டு மிச்சமுள்ளது 9,000 வெள்ளி என்றால், ஆண்டுக்கு முறையே 2,000, 1,500 வெள்ளி. பார்வைக்கு மலிவானதுதான் உண்மையில் கூடுதல் செலவு.

உங்களிடம் இருப்பது 2பி வகை பைக் ஓட்டுநர் உரிமம் என்றால் 200 சிசி வரைதான். தினசரி ஓட்டத்துக்கு அது தாராளம்.

பார்க்கப் போகும்போது, எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆறிய எஞ்சின் முதல் தட்டிலேயே கிளம்புகிறதா, புகை வருகிறதா என்று கவனியுங்கள். பின்சக்கரத்தின் சங்கிலிப் பல்சக்கரத்தைக் குனிந்து பாருங்கள். பற்கள் கொக்கிபோல ஒருபக்கம் சாய்ந்திருந்தால் சங்கிலியோடு சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும், அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள்.

வாங்கியதும் நேரே எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குக் கிளம்பாதீர்கள். முதல் ஞாயிறு காலை சிங்கப்பூருக்குள்ளேயே கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம் ஒரு சுற்று. ஏதாவது தகராறு என்றாலும் வீடு பக்கம்தான். மலேசியாவுக்குப் போவதாக இருந்தால், காப்புறுதி அங்கும் செல்லுமா என்று முகவரிடம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என விடாமல், வாங்கும்போதே கேளுங்கள்.