வண்டியை மட்டும் எண்ணாதீர்கள், வரிசையையும் எண்ணுங்கள்

சாலையில் நின்று வண்டி எண்ணும் வேலையில் எனக்கு 12 ஆண்டுகள் ஆகின்றன. புதிதாக வருபவர்கள் முதலில் எந்தக் கருவி நல்லது என்றுதான் கேட்பார்கள். எதற்காக எண்ணுகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். சிக்னல் நேரத்தை மாற்றவா? அப்படியானால் இடது, வலது, நேர் என்று ஒவ்வொரு திசைக்கும் தனிக்கணக்கு வேண்டும். சாலையின் கனத்தைத் தீர்மானிக்கவா? லாரிகளின் ஆக்சில் (இருபுறச் சக்கரங்களையும் தாங்கும் அச்சு) எடைதான் முக்கியம், கார்களின் எண்ணிக்கை அதற்கு அவ்வளவாக உதவாது.

எந்தக் கருவி கையில் இருந்தாலும் முதல் நாள் கையால் எண்ணிப் பாருங்கள். தாளில் வண்டி வகைக்கு ஒரு பத்தி, 15 நிமிடத்துக்கு ஒரு வரி. நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுங்கள். எதிர்ப்புறம் ஒரு கம்பத்தைக் குறித்துக்கொண்டு, முன்சக்கரம் அந்த நேர்கோட்டைத் தாண்டும்போது மட்டும் எண்ணுங்கள். பேருந்து நின்றால் பார்வை மறையாத இடமா என்று முன்னாலேயே பார்த்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவரையே உட்கார வைக்க வேண்டாம், கண் ஏமாற்றும்.

15 நிமிடம் ஏன்? ஒரு மணி நேரத்தில் 1,200 வண்டி போனது என்று வையுங்கள். அதில் 400 ஒரே கால் மணியில் வந்திருந்தால், அந்த நேரத்தில் சாலை தாங்கியது மணிக்கு 1,600 வண்டி என்ற வீதத்தில் வந்த கூட்டத்தை. மணிக்கணக்கை மட்டும் எழுதினால் இந்த நெரிசல் மறைந்துபோகும்.

எண்ண விட்டுப்போன கட்டத்தை வெற்றாக விட்டுக் காரணம் எழுதுங்கள். எங்கள் குழுவில் ஒருவர் முந்தைய கட்டத்தின் எண்ணையே போட்டு நிரப்பிவிட்டார். அந்தக் கால் மணியில்தான் ஒரு லாரி பழுதாகி ஒரு தடத்தையே அடைத்துக்கொண்டு நின்றிருந்தது. தாளில் அதன் சுவடே இல்லை.

இனி, நான் தவறு செய்து கற்றது. ஒரு சந்திப்பில் காலை 8 மணிக்கு மேல் எண்ணிக்கை குறைந்தது. போக்குவரத்து தணிகிறது என்று அறிக்கை எழுதிவிட்டேன். உண்மையில் வண்டிகள் பின்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தன. கோட்டைத் தாண்டுவது சந்திப்பால் அனுப்ப முடிந்த அளவுதான், வந்து சேர்ந்த அளவு அல்ல. அதனால் இப்போது வரிசையின் வாலில் ஒருவரை நிறுத்துகிறேன். கால் மணி தொடங்கும்போது 20 வண்டி நின்றன, முடியும்போது 65 நின்றன, கோட்டைத் தாண்டியவை 210. அப்படியென்றால் வந்து சேர்ந்தவை 210-உம் கூடுதலாக நிற்கும் 45-உம் சேர்த்து 255. இந்த ஒரு ஆளுக்கான செலவை எந்த வேலையிலும் குறைக்காதீர்கள்.

பல நாள் கணக்கு வேண்டுமென்றால் கருவிதான். சாலைக்குக் குறுக்கே போடும் ரப்பர் குழாய் வண்டியை எண்ணுவதில்லை, ஆக்சிலை எண்ணுகிறது. வெறுமனே இரண்டால் வகுத்தால் ஐந்து ஆக்சில் லாரி இரண்டரை வண்டியாகிவிடும். இரண்டு குழாய்களை அளந்த இடைவெளியில் போட்டால் வேகமும் திசையும் கிடைக்கும். வண்டிகள் நின்று நகரும் இடத்தில் மட்டும் போடாதீர்கள். சாலைக்குள் புதைக்கும் கம்பிச்சுருள் மேலே உலோகம் வருவதை உணர்வது. இருசக்கர வண்டிகளை அது தவறவிடக்கூடும், நீங்களே ஒன்றை ஓட்டிப் பார்த்துச் சரிபாருங்கள். வீடியோவில் பிடித்த விஷயம், சந்தேகம் வந்தால் திரும்பப் பார்க்கலாம். கேமராவை உயரத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் லாரிக்குப் பின்னால் போகும் கார் தெரியாது. இரவில் ஒன்று, மழையில் ஒன்று என்று சில கட்டங்களைக் கையால் எண்ணி ஒப்பிடுங்கள்.

வேகத்துக்கு ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். 100 மீட்டரைக் குறித்து, அதை வண்டி கடக்க ஆன நொடிகளால் 360-ஐ வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். சராசரியில் கவனம் வேண்டும். ஒரு கிலோமீட்டரை ஒரு வண்டி 30-இலும் இன்னொன்று 60-இலும் கடந்தால், பயண நேரத்துக்குப் பொருந்தும் சராசரி 45 அல்ல, 40. இரண்டு கிலோமீட்டருக்கு மொத்தம் மூன்று நிமிடம் ஆகிறதே.

நீண்ட பாதையில் பயண நேரம் வேண்டுமானால் இரு முனைகளிலும் நம்பர் பிளேட்டின் கடைசி இலக்கங்களையும் நேரத்தையும் குறித்துப் பொருத்தலாம். பொருத்தி முடித்த அன்றே அந்த எண்களை அழித்துவிடுங்கள். யார் எங்கே போனார்கள் என்பது நமக்குத் தேவையில்லை.