வணிக மின்னஞ்சலின் பொருள் வரியை எழுதும் முறை: திருப்பூர் ஏற்றுமதி அலுவலகத்தை முன்வைத்து

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகங்களில் ஆர்டரைத் தொடக்கம் முதல் முடிவு வரை கவனிக்கும் மெர்ச்சன்டைசரின் வேலை பெரும்பகுதி மின்னஞ்சலில்தான் நடக்கிறது. நிறம் சரிபார்க்கச் சாயமிட்டு அனுப்பும் சிறு துணித் துண்டான லேப் டிப்புக்கு வெளிநாட்டு பையரின் (ஆடை வாங்குபவரின்) ஒப்புதல் வராமல், மொத்தத் துணியைச் சாயப்பட்டறைக்கு அனுப்ப இயலாது. சாயம் தாமதமானால் தையல் தாமதமாகும். தையல் தாமதமானால் கப்பல் தவறும். பிறகு சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு பெரும்பாலும் ஏற்றுமதியாளரின் தலையில் விழும். ஒப்புதல் கேட்டு எழுதிய அஞ்சலை பையர் இன்றே திறக்கிறாரா, மூன்று நாள் கழித்துத் திறக்கிறாரா என்பதற்கு இத்தனை விலை இருக்கும்போது, அதைத் திறக்க வைக்கும் பொருள் வரியை மட்டும் கடைசி நேரத்தில் ஏதோ ஒன்றாக நிரப்பி விடுவது பொருத்தமில்லை. கீழே உள்ள எடுத்துக்காட்டுகளைத் தமிழில் தருகிறேன். பையருக்கு ஆங்கிலத்தில் எழுதும்போதும் இடம்பெற வேண்டிய செய்திகளும் அவற்றின் வரிசையும் இவையே.

முதலில் அஞ்சலை எழுதி முடியுங்கள். பொருள் வரியைப் பிறகு எழுதுங்கள். பெறுநரைத் தொலைபேசியில் அழைத்து அரை நிமிடமே பேச முடியும் என்றால் எதைச் சொல்வீர்களோ, அதுவே பொருள் வரிக்கு உரியது. அதில் மூன்று செய்திகள் தெரிய வேண்டும்: பெறுநர் என்ன செய்ய வேண்டும், எந்த ஆர்டர் அல்லது எந்த ஆவணம் பற்றியது, எந்த நாளுக்குள். “லேப் டிப் பற்றி” என்று எழுதினால் இந்த மூன்றில் ஒன்றுகூட முழுமையாகத் தெரியாது. இப்படி எழுதலாம் (பிஓ என்பது பையர் தரும் கொள்முதல் ஆணை, ஸ்டைல் என்பது ஆடை வடிவமைப்பின் எண்):

“ஒப்புதல் தேவை, ஜூன் 5க்குள்: லேப் டிப், பிஓ 4471, ஸ்டைல் 208”

நம் அலுவலகங்களில் பலருக்குக் கைவந்த பழக்கம் ஒன்று இங்கே இடையூறாக நிற்கிறது. தமிழ்நாட்டு அரசுக் கடிதங்களில் “பொருள்” என்ற தலைப்பின் கீழ், துறையில் தொடங்கி, சிறு கோடுகளால் பிரித்து, படிப்படியாக விவரத்துக்கு இறங்கி, “தொடர்பாக” என்று முடிப்பார்கள். கோப்பில் அடுக்கித் தேடுவதற்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் கைபேசித் திரையில் பொருள் வரியின் முதல் முப்பது, நாற்பது எழுத்துகளே பெரும்பாலும் தென்படும். தமிழில் வினை இறுதியில் வருவதால், “ஸ்டைல் 208க்கான திருத்தப்பட்ட அளவுப் பட்டியலைப் பரிசீலித்து அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்வது தொடர்பாக” என்று எழுதினால் கோரிக்கை இருக்கும் பகுதி திரைக்கு வெளியே போய்விடும். ஆகவே தமிழில் எழுதும் அலுவலக அஞ்சல்களில் முழு வாக்கியத்தைக் கைவிட்டு, கோரிக்கையை ஒன்றிரண்டு சொற்களில் முன்னால் வைத்து, முக்காற்புள்ளியிட்டு, விவரத்தைப் பின்னால் எழுதுங்கள்: “பதில் தேவை: ஸ்டைல் 208, திருத்திய அளவுப் பட்டியல்”. ஆங்கில அஞ்சல்களின் தொடக்கத்தில் நம்மவர்கள் போடும் “ரெக்:” (regarding, அதாவது “தொடர்பாக”) என்ற சுருக்கத்துக்கும் இதே குறை உண்டு. முதல் நான்கு எழுத்து இடத்தைப் பிடித்துக்கொண்டு எதையும் சொல்லாத அதை நீக்கிவிடலாம். உங்கள் நிறுவனத்தின் பெயரும் வேண்டியதில்லை. அனுப்புநர் பெயர் பக்கத்திலேயே தெரிகிறது.

எல்லா அஞ்சலும் கோரிக்கை அல்ல. சாம்பிள் கூரியரில் கிளம்பிவிட்டது, சரக்கு தூத்துக்குடித் துறைமுகத்தைச் சேர்ந்துவிட்டது போன்ற தகவல்களுக்குப் பதில் தேவையில்லை. அங்கே ஆர்டர் எண்ணை முன்னால் வைப்பதே என் விருப்பம்: “பிஓ 4471: ஃபிட் சாம்பிள் அனுப்பப்பட்டது, பதில் தேவையில்லை”. (ஃபிட் சாம்பிள் என்பது அளவு பொருந்துகிறதா என்று பார்க்கத் தைக்கும் மாதிரி ஆடை.) கடைசி இரண்டு சொற்களைப் பலர் எழுதுவதில்லை. ஆனால் ஒரே காலையில் பல சப்ளையர்களின் அஞ்சல்களைப் பார்க்கும் பையருக்கு, எதை ஒத்திவைக்கலாம் என்று சொல்வதும் உதவியே.

தேதி எழுதுவதில் சிறப்புக் கவனம் தேவை. 05/06 என்பது நமக்கு ஜூன் 5. அமெரிக்கருக்கு மே 6. எனவே மாதத்தைப் பெயராலேயே எழுதுங்கள். “இன்று மாலைக்குள்”, “நாளை காலை” போன்ற சொற்களும் கடல் கடந்தால் குழப்பம் தரும். ஜெர்மனி கோடைக்காலத்தில் நம்மைவிட மூன்றரை மணி நேரமும், குளிர்காலத்தில் நான்கரை மணி நேரமும் பின்தங்கியிருக்கிறது. நியூயார்க்கோ கோடையில் ஒன்பதரை மணி நேரம். திருப்பூரில் மாலை ஆகும்போதுதான் அங்கே ஒருவர் கணினியைத் திறந்து அமர்கிறார்.

“அவசரம்” என்ற சொல்லைக் கூடுமானவரை தவிர்க்கலாம். ஒவ்வொரு வாரமும் அவசரம் என்று எழுதுபவரின் அவசரத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. தேதியைக் குறிப்பிட்டாலே நெருக்கடி தெரிந்துவிடும். தாமதத்தால் கப்பல் தவறும் என்ற காரணத்தை அஞ்சலின் முதல் வரியில் எழுதிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் முழுதும் பெரிய எழுத்துகளில் எழுதுவது, அடுக்கடுக்காக ஆச்சரியக்குறி இடுவது ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

பணம் கேட்கும் அஞ்சலில் தொனி முக்கியம். “இன்னும் பணம் வரவில்லை” என்ற பொருள் வரியை பையர் தம் கணக்குப் பிரிவுக்கு அப்படியே அனுப்பத் தயங்குவார். “இன்வாய்ஸ் 118: மே 20இல் செலுத்த வேண்டிய தொகை, நிலை அறிய” என்றால் அனுப்ப அவருக்கும் தடையிராது, கணக்கரும் எண்ணைக் கொண்டு உடனே தேடிவிடுவார். வங்கிக் கணக்கு எண், சம்பள விவரம் போன்றவற்றைப் பொருள் வரியில் எழுதவே கூடாது. பூட்டிய கைபேசியின் திரையிலும் அது பளிச்சென்று தெரியும். அஞ்சலின் உள்ளடக்கத்தை மறையாக்கம் செய்யும் எஸ்/மைம் போன்ற முறைகளும் வழக்கமாகப் பொருள் வரியை மறைப்பதில்லை. “வங்கிக் கணக்கு மாற்றம்” என்ற பொருள் வரியோடு சப்ளையர் பெயரில் அஞ்சல் அனுப்பிப் பணத்தைத் திருப்பிவிடுவது மோசடிக்காரர்களின் பழகிய வழி என்பதால், உண்மையாகவே கணக்கு மாறினால் தொலைபேசியில் பேசி உறுதி செய்யுங்கள். அஞ்சலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

புதிய பையருக்கு முதன்முதலாக எழுதும்போது “வணிக வாய்ப்பு” என்று தொடங்குவது வீண். உங்களிடம் என்ன கிடைக்கும் என்பதைச் சொல்லுங்கள்: “சிறுவர் காட்டன் டி-சர்ட், ஜிஓடிஎஸ் சான்றுடன், மாதம் 50,000 வரை” (ஜிஓடிஎஸ் என்பது இயற்கை வேளாண் இழைத் துணிகளுக்கான சர்வதேசத் தரச் சான்று). திறக்க வைப்பதற்காக, முன்பே கடிதப் போக்குவரத்து இருந்ததுபோல “ரீ:” என்று போலியாகச் சேர்ப்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டு கேன்-ஸ்பாம் சட்டம், விளம்பர நோக்குள்ள அஞ்சல்களில் ஏமாற்றும் பொருள் வரியைத் தடை செய்கிறது. நிறுவனங்களுக்கு அனுப்பும் அஞ்சல்களுக்கும் அச்சட்டம் பொருந்தும். சட்டம் ஒருபுறமிருக்க, அஞ்சலைத் திறந்ததும் பொய்யைக் கண்டுகொள்ளும் பையர் அடுத்து எந்த ஆர்டரைத் தரப்போகிறார்?

வேலைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரே குறிப்பு: விளம்பரத்தில் பொருள் வரி இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால், ஓர் எழுத்தும் மாற்றாமல் அப்படியே எழுதுங்கள், அதை வைத்துத்தான் விண்ணப்பங்களைப் பிரிப்பார்கள்.

கடைசியாக, நீளும் அஞ்சல் தொடர்கள். லேப் டிப்புக்காகத் தொடங்கிய தொடரில் பட்டன், லேபிள், பேக்கிங், விலைக் குறைப்பு என எல்லாவற்றையும் பேசி, மூன்று மாதம் கழித்து விலையை பையர் எந்த நாளில் ஏற்றுக்கொண்டார் என்று தேடினால் கிடைப்பது கடினம். பேச்சு வேறு பொருளுக்குத் திரும்பியதும் புதிய அஞ்சலைத் தொடங்குங்கள். ஜிமெயிலில் பொருள் வரியை மாற்றினால் அஞ்சல் தனித் தொடராகப் பிரிந்துவிடும். நூறு அஞ்சலைத் தாண்டினாலும் அது தானாகவே பிரியும். இதற்கு மறுபக்கமும் உண்டு: அதே பேச்சு தொடரும்போது பொருள் வரியைத் தொட்டால் பையர் பக்கம் தொடர் அறுந்துபோகும், ஆகவே காரணமின்றித் திருத்தாதீர்கள். ஒரு பொருள் வரியில் இரண்டு செய்திகளை “மற்றும்” போட்டு இணைக்க வேண்டி வந்தால், அவற்றை இரண்டு அஞ்சலாகப் பிரித்துவிடலாம். பிஓ எண்ணை எழுதும் முறையை அலுவலகம் முழுவதும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் “பிஓ 4471” என்றும், மற்றவர் “ஆர்டர் எண் 4471” என்றும், இன்னொருவர் ஸ்டைல் எண்ணை மட்டும் போட்டும் எழுதினால், பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் சரக்கு ஆவணத்தைத் தேடும் கணக்கர் மூன்று முறை தேட வேண்டியிருக்கும்.