கூட்டுப் படைப்புக்குக் கலைஞர்களை அழைப்பது எப்படி?

ஒரு கூட்டுத் தொகுப்புக்காக நான் முதன்முதலில் எழுதிய அழைப்பு நான்கே வரி. ‘ஓவியர்கள், எழுத்தாளர்கள், புகைப்படக்காரர்கள் அனைவரும் வருக, உங்களுக்குப் பிடித்த எதை வேண்டுமானாலும் அனுப்புங்கள்’ என்பதுதான் அதன் சாரம். மனதாரத்தான் எழுதினேன். நாற்பது பேருக்குப் போனது, மூன்று பேர் அனுப்பினார்கள். பிறகொரு நாள், பதில் போடாத ஓவியர் ஒருவரிடமே காரணம் கேட்டேன். “ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது ஒரு சாயங்கால வேலையா, ஒரு மாத வேலையா என்றே தெரியவில்லையே, எதை நம்பி சரி என்று சொல்வது?” என்றார்.

அதற்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு அழைப்பிலும் அவருடைய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முதன்முறையாக ஒரு சிறுநூலோ கண்காட்சியோ சுவரோவியமோ நாலு பேரைச் சேர்த்துச் செய்ய நினைப்பவர்களுக்காக, அந்த வழியை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: ஒருவர் செய்ய வேண்டிய துண்டின் அளவை முடிவு செய்யுங்கள்

மொத்தத் திட்டத்தையும் விவரிக்கும் முன், ஒரு ஆள் செய்யப்போகும் துண்டு எவ்வளவு பெரியது என்று தீர்மானியுங்கள். இதற்கு நான் எப்போதும் நினைத்துக்கொள்ளும் உதாரணம், எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களின் நினைவாக அமெரிக்காவில் 1987-ல் கிளீவ் ஜோன்ஸ் தொடங்கிய ஒட்டுத்துணிப் போர்வை. ஒவ்வொரு துண்டும் 3 அடிக்கு 6 அடி, ஏறக்குறைய ஒரு கல்லறையின் அளவு. அந்த அளவு மட்டும் மாறாது. இறந்தவரின் சட்டையைத் தைக்கலாம், பெயரைப் பூவேலையாகப் பின்னலாம், புகைப்படத்தை ஒட்டலாம். எட்டுத் துண்டுகளைச் சேர்த்தால் 12 அடிச் சதுரம். அளவு ஒன்றாக இருந்ததால், ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள் தைத்ததெல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் முதன்முறையாக விரித்தபோது 1,920 துண்டுகள் இருந்தன. இன்று அது ஏறத்தாழ 50,000.

ஊசி பிடித்தே பழகாதவர்களும் அதில் தைத்தார்கள். ‘உங்கள் துயரத்தை ஏதாவது ஒரு வடிவில் அனுப்புங்கள்’ என்று கேட்டிருந்தால் அவர்களில் எத்தனை பேர் தொடங்கியிருப்பார்கள்?

உங்கள் திட்டத்துக்கும் இப்படி ஓர் அளவு வேண்டும். ‘கதவு’ என்ற தலைப்பில் ஒரு சிறுநூல் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு ஏ5 பக்கம் (ஏ4 தாளில் பாதி), ஒரு ஓவியம், கூடவே இரண்டு வரி. இது போதும். மொத்தப் பக்கங்களையும் இப்போதே எண்ணிவிடுங்கள். நடுவில் பின் அடிக்கும் நூல் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 24 பக்கம் என்றால் தலைப்பு, முன்னுரை போன்றவற்றுக்கு 4 போக, 20 பேருக்கு இடம் உண்டு.

படி 2: தொடக்கத்தை நீங்களே போட்டுக் காட்டுங்கள்

வெற்றுத்தாள் யாரையும் மிரட்டும். 2011-ல் கேண்டி சாங் என்ற கலைஞர், நியூ ஆர்லியன்ஸ் நகரில் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டின் சுவரில் கரும்பலகை வண்ணம் பூசி, ‘நான் சாவதற்கு முன் செய்ய விரும்புவது’ என்ற வரியைத் திரும்பத் திரும்ப எழுதி, பக்கத்தில் கோடு போட்டு இடம் விட்டார். சாக்பீஸும் வைத்தார். மறுநாளே சுவர் நிரம்பிவிட்டது. வழியே போனவர்கள் வாக்கியத்தை முடித்தால் போதும் என்றிருந்தது.

நீங்களும் மாதிரிக்குச் சில பக்கங்களைச் செய்து அழைப்போடு சேருங்கள். மாதிரி ஒன்றே ஒன்றாக மட்டும் இருக்கக்கூடாது, வருவதெல்லாம் அதன் நகலாகிவிடும். நான் ஒருமுறை கோட்டோவியம் ஒன்றை மட்டும் மாதிரியாக வைத்தேன். அடர்வண்ணத்தில் வரைகிறவர்கள்கூடக் கறுப்பு மையில் வரைந்து அனுப்பிவிட்டார்கள். குறைந்தது மூன்று, அவையும் ஒன்றுக்கொன்று சாயல் இல்லாதவை.

படி 3: பணம், உரிமை இரண்டையும் முன்கூட்டியே எழுதுங்கள்

கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் கூச்சமான பகுதி இது. அதனால்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள், அப்புறம் உறவே கெட்டுப்போகிறது.

சன்மானம் உண்டென்றால் எவ்வளவு, எப்போது என்று எழுதுங்கள். இல்லையென்றால் ‘இல்லை’ என்றே எழுதுங்கள். ‘நல்ல விளம்பரம் கிடைக்கும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். கலைஞர்கள் அதைப் பலமுறை கேட்டுச் சலித்தவர்கள். இன்னொன்று: பத்துப் பேரைச் சின்னம் வரையச் சொல்லி, ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்பது பேரின் உழைப்பை வீணாக்குவது கூட்டுமுயற்சி ஆகாது. யாருடைய வேலை வேண்டுமென்று அவர்களின் பழைய படைப்புகளைப் பார்த்தே முடிவு செய்யலாம்.

உரிமை விஷயத்தில் தொடக்கக்காரர்களுக்கு இரண்டு வழிகள் எளிமையானவை. ஒன்று, உரிமை முழுவதும் படைத்தவரிடமே இருக்கும், இந்த ஒரு வெளியீட்டில் பயன்படுத்த மட்டும் அனுமதி வாங்குவது. மற்றொன்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், அதாவது சில நிபந்தனைகளோடு யார் வேண்டுமானாலும் படைப்பைப் பயன்படுத்தலாம் என்று படைத்தவரே முன்கூட்டித் தரும் பொது அனுமதி. 2002-ல் அதன் முதல் உரிமங்கள் வந்தன. பெயர் குறிப்பிட வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது, மாற்றி வெளியிடக்கூடாது, மாற்றினால் அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும் என்ற நிபந்தனைகளைச் சேர்த்துச் சேர்த்து அவற்றை அமைத்திருக்கிறார்கள். 2010-ல் நெதர்லாந்தில் தொடங்கிய விக்கி லவ்ஸ் மான்யுமென்ட்ஸ் புகைப்படப் போட்டிக்கு வரும் படங்கள் எல்லாமே, வணிகத்தடையோ மாற்றத்தடையோ இல்லாத கட்டற்ற உரிமத்தில் வருபவை. அதனால்தான் அவற்றை விக்கிப்பீடியாக் கட்டுரைகளில் தாராளமாகப் பயன்படுத்த முடிகிறது.

இந்த உரிமத்தில் ஒருமுறை வெளியிட்டுவிட்டால், ஏற்கெனவே பெற்றவர்களிடமிருந்து அதைத் திரும்பப் பெற முடியாது. இதைக் கலைஞரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், பின்னால் அவராகக் கண்டுபிடிக்கும்படி விடாதீர்கள்.

படி 4: கடிதம் எழுதுங்கள்

மேலே முடிவு செய்தவை எல்லாம் கடிதத்தில் இப்படி வந்து உட்காரும்:

“வணக்கம். நீங்கள் வரைந்த படிக்கட்டு ஓவியங்களில் வெளிச்சம் விழும் விதம் இன்னும் என் மனதில் நிற்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

‘கதவு’ என்ற பெயரில் 24 பக்கச் சிறுநூல் ஒன்று கொண்டுவருகிறோம். இருபது பேர், ஆளுக்கு ஒரு பக்கம். உங்கள் நினைவில் இருக்கும் ஒரு கதவை வரைந்து, அதைப் பற்றி இரண்டு வரி எழுதித் தர முடியுமா? அளவு ஏ5, நெட்டுவாக்கில். பென்சிலா வண்ணமா என்பது உங்கள் விருப்பம். மூன்று மாதிரிகளை இணைத்திருக்கிறேன்.

சன்மானம் தர எங்களிடம் நிதி இல்லை. நூலில் ஐந்து பிரதிகள் அனுப்புவோம். உரிமை உங்களுடையதே, இந்த நூலில் அச்சிட மட்டும் அனுமதி கேட்கிறோம்.

படைப்பு வந்து சேர வேண்டிய கடைசி நாள் மார்ச் 30. செய்ய முடியுமா என்பதை மட்டும் மார்ச் 5-க்குள் ஒரு வரியில் சொல்லுங்கள். இப்போது தோதுப்படாது என்றாலும் தயங்காமல் சொல்லலாம், அடுத்த முறை கேட்கிறேன்.”

இரண்டு தேதிகள் இருப்பதைக் கவனியுங்கள். சம்மதம் சொல்ல ஒன்று, வேலை முடிக்க ஒன்று. முதல் தேதி தாண்டியதும் எத்தனை பக்கம் காலி என்று தெரிந்துவிடும், வேறு ஆட்களைக் கேட்க அவகாசமும் இருக்கும். அந்த முதல் இரண்டு வரிகளை யாருக்கும் நகலெடுத்து அனுப்பாதீர்கள். ஒவ்வொருவருடைய படைப்பையும் உண்மையாகவே பார்த்துவிட்டு, பிடித்ததைச் சொல்லுங்கள். இருபது கடிதத்துக்கு இரண்டு நாள் ஆகும், ஆகட்டும்.

படி 5: யாரை அழைப்பது?

முதலில் நன்றாகத் தெரிந்த ஐந்து பேர். அவர்கள் சம்மதித்த பிறகு, அறிமுகமே இல்லாதவர்கள். பிறகுதான் பொது அழைப்பு. உங்கள் பட்டியலில் எல்லோரும் ஒரே வட்டத்து ஆட்களாக இருந்தால் நூலும் ஒரே குரலில் பேசும். கதவு என்றால் தச்சரையும் கேளுங்கள். தன்னைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ளாதவர்களிடமிருந்து வந்த பக்கங்கள்தான் என் தொகுப்புகளில் அதிகம் பேசப்பட்டவை.

படி 6: சம்மதித்தவர்களைக் காத்திருக்க வைக்காதீர்கள்

சரி என்றவருக்கு அன்றே கோப்பு விவரம் போக வேண்டும். ஏ5 பக்கத்தை 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அச்சிட 1748-க்கு 2480 பிக்சல் தேவை. ஓவியம் பக்க விளிம்புவரை போவதானால், வெட்டும்போது வெள்ளை தெரியாமலிருக்க நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரையச் சொல்லுங்கள். தாளில் வரைபவர் ஸ்கேன் செய்து அனுப்பலாம், அதுவும் முடியாதவரிடம் அசலையே வாங்கி நீங்கள் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

படைப்பு கைக்கு வந்ததும் ‘கிடைத்தது’ என்று ஒரு வரி போடுங்கள். பெயரை எப்படி அச்சிட வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். முதலெழுத்து வேண்டுமா, புனைபெயரா என்று நாமாக ஊகித்தால் தவறாகத்தான் முடியும். ஒரு கவிஞரின் முதலெழுத்தை நான் மாற்றிப் போட்டு, முந்நூறு பிரதிகளில் கையால் திருத்தச்சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

பக்கம் வடிவமைத்து முடிந்ததும் அச்சுக்குப் போகும் முன் பிடிஎஃப் ஒன்றை எல்லோருக்கும் அனுப்பி, மூன்று நாள் அவகாசம் கொடுங்கள். ஓவியத்தின் ஓரத்தை வெட்ட வேண்டியிருந்தால், நிறத்தைக் கூட்ட வேண்டியிருந்தால், கேட்டுவிட்டு வெட்டுங்கள். ஒருவருடைய பக்கத்தைச் சேர்க்கவே முடியவில்லை என்றால் அச்சு வரும்வரை மறைக்காமல் உடனே, காரணத்தோடு சொல்லுங்கள்.

அச்சகத்திலிருந்து கட்டுகள் வந்ததும், வெளியீட்டு நாளுக்கு முன்பாகவே அந்த ஐந்து பிரதிகளை ஒவ்வொருவருக்கும் தபாலில் சேர்த்துவிடுங்கள். உறை மேல் அவரவர் பக்க எண்ணையும் எழுதுங்கள், பிரித்ததும் முதலில் தேடுவது அதைத்தான்.